திரையில் ‘காலி’ என்று வந்த சாயங்காலம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் சொந்தக்காரர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். “நடக்கற காலுல இருந்து கரண்ட் எடுக்கறீங்களாமே, அதுல ஃபேன் ஓடுமா?” ஓடாது. முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லத் தயங்கினேன். ஓடும் என்று நம்பித் தெருவெல்லாம் சொல்லிவைத்த என் நாத்தனார், நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னைப் பார்த்தால் வாயைக் கோணுகிறாள்.

நம் வேலை, சுற்றிலும் வீணாகப் போகிற சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. ஓடுகிற மோட்டாரின் நடுக்கம், வெயிலில் காயும் தகரத்தின் சூடு, அறைக்குள் விழும் வெளிச்சம், தரையில் விழும் காலடி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை பிடுங்கி முடிந்த கொல்லையில், மண்ணுக்குள் விட்டுப்போன காயைக் கிளறிப் பொறுக்குவார்கள். நாம் செய்வது அந்த வேலைதான். பொறுக்கிய காயை மூட்டை கட்டி விற்க முடியாது. ஒரு வேளைக்கு அவித்துத் தின்னலாம்.

கிடைப்பது கொஞ்சம் என்பதால் அதைக் கொண்டு செய்கிற காரியமும் சின்னதுதான். மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் வருகிறதா, ஆள் நடக்கிறார்களா என்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஒயர் இழுக்க முடியாத இடத்தில், பாட்டரி மாற்ற ஆள் போகாத இடத்தில், அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு ஜாஸ்தி. சர்க்யூட்டும் கணக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அந்த ஒரு வார்த்தை வராமல் போனால் என்ன செய்வீர்கள்? அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிரிப்புக் கதை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில், மோட்டாரின் நடுக்கத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, மோட்டார் ஓடுகிறது என்று முதலாளியின் அறைக்குச் செய்தி அனுப்பும் ஒரு பெட்டியை மாட்டினோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பெட்டி செத்துவிட்டது என்று போன் வந்தது. என்னுடன் வேலை பார்த்த சிவகுமாரை இழுத்துக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் மோட்டார் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. முந்தின நாள் மெக்கானிக் வந்து போல்ட்டையெல்லாம் இறுக்கி, ஆட்டம் இல்லாமல் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். ஆட்டம் நின்றதும் எங்கள் பெட்டிக்குத் தீனி நின்றுவிட்டது.

ஆலை முதலாளி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: “இன்னாம்மா இது? என் மிஷினு நல்லா ஆனா உங்க மிஷினு பட்டினி கெடந்து செத்துடுமா?”

இதை ஆபீசில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன். சிரித்ததோடு சரி. அந்த ஆள் கேட்டது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிரிவலப் பாதை அடி அண்ணாமலைக்குள் நுழையும் முன்னால் ஒரு சிறுபாலத்தின் மேல் குறுகுகிறது. இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். பாலத்தின் முகப்பில் மரங்கள் விலகி, அந்த ஊர்க் கோயிலின் கோபுரம் சட்டென்று கண்ணில் படும். பார்த்ததும் நடப்பவர்கள் நின்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். மற்ற நாளில் நின்றால் ஒன்றுமில்லை. பௌர்ணமியில் நின்றால் பின்னால் வருகிறவர்கள் முதுகில் ஏறுவார்கள்.

அந்த முகப்பில், சுவரை ஒட்டி, தனம் என்பவள் பூக்கடை போட்டிருக்கிறாள். ஒரு மேஜை, மேலே தார்ப்பாய், அவ்வளவுதான் கடை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பௌர்ணமி நெரிசலில் கூட்டம் அவளைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. கால் எலும்பு முறிந்து கோணலாகக் கூடியது. இன்றைக்கும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள்.

பாலத்துக்கு முன்பாக, பாதை வளைகிற இடத்தில் போலீஸ் பந்தல் இருக்கும். அங்கே குறுக்கே கயிறு பிடித்துக் கூட்டத்தை நிறுத்தி, பகுதி பகுதியாக விடுவார்கள். வளைவு மறைப்பதால் பந்தலில் நிற்பவருக்குப் பாலம் தெரியாது. பாலத்தில் கூட்டம் தேங்கியிருக்கிறதா, கரைந்துவிட்டதா என்று பந்தலுக்குத் தெரிந்தால் போதும். தனத்துக்கு நேர்ந்தது இன்னொருத்திக்கு நேராது. அதைத் தெரியப்படுத்தும் வேலைதான் எங்கள் சின்ன கம்பெனிக்கு வந்தது.

ஒயர் இழுத்தால் கடைக்காரர்கள் கொக்கி போடுவார்கள். பாட்டரி வைத்தால் பாட்டரி காணாமல் போகும். கேமரா இருந்தது, ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எவனாவது அதன் எதிரில் தார்ப்பாய் கட்டிவிடுவான். அன்றைக்கு செல்போனும் எடுக்காது. ஆகவே நம் தொழிலுக்கென்றே செய்து வைத்த மாதிரி ஓர் இடம். பாலத்தின் முகப்பில், பாதைக்குக் குறுக்கே, ஒரு சாண் அகலத்தில் லேசாக மேடான பட்டை ஒன்றைப் பதித்தோம். அதை மிதித்தால் அந்த அழுத்தம் உள்ளே மின்சாரமாகும். போதுமான அளவு சேர்ந்ததும், தனத்தின் கடைக் கம்பத்தில் மாட்டிய பெட்டி பந்தலுக்கு ரேடியோவில் ஒரு செய்தி அனுப்பும். பிறகு மறுபடி சேர்க்கும். அடிகள் ஜாஸ்தி விழுந்தால் செய்தியும் ஜாஸ்தி, பந்தலில் இருக்கும் திரை சிவப்பாகும். குறைந்தால் மஞ்சள். செய்தியே வரவில்லை என்றால் பச்சை, அதன் நடுவில் ‘காலி’ என்று எழுத்து.

கூட்டத்தின் அளவைக் கூட்டமே தன் காலால் சொல்லிவிடும். இதை யோசித்த அன்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டியை மாட்ட அனுமதி கேட்கப் போனபோது தனம் காலை நீட்டிக் காட்டினாள். “என் காலு போனது போச்சும்மா. இன்னொருத்தர் காலு போவக் கூடாது. தாராளமா மாட்டிக்குங்க. ஆனா ஒண்ணு, கடைய நகத்தச் சொல்லாதீங்க.”

அடுத்து, பெயின்ட். மேடாக இருக்கிறதே, தடுக்கி விழாமல் இருக்க ஜனங்கள் கண்ணில் படவேண்டும் என்று பளிச்சென்று மஞ்சள் அடிக்கச் சொன்னேன். வழக்கமாக மஞ்சளுக்கு நடுவே கறுப்புப் பட்டை போடுவார்கள். சிவகுமார் தலையைச் சொறிந்தான்.

“கிரிவலப் பாதையில போய் கறுப்பா மேடம்? நல்லா இருக்காதுங்க. செகப்பு அடிச்சிடலாமா?”

“அடி. தூரத்துல இருந்து தெரிஞ்சா போதும்.”

மஞ்சள் பட்டை, நடுநடுவே சிவப்பு. படித்துக்கொண்டே வரும் உங்களில் சிலர் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் அடித்துக்கொள்ளவில்லை. அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டோம். சாதாரண நாட்களில் சோதித்துப் பார்த்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிதித்தார்கள், பால்காரர் சைக்கிள் ஏற்றினார், ஆடுகள் நடந்தன. திரை சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒழுங்காக மாறியது.

முதல் பௌர்ணமி. மத்தியானமே கூட்டம் தொடங்கிவிட்டது. நானும் சிவகுமாரும் பந்தலில், திரைக்கு முன்னால். பொறுப்பில் இருந்த இன்ஸ்பெக்டர் குரல் பெரிய ஆள். ஆனால் நியாயமான மனிதர். ஆரம்பத்தில் எங்கள் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகப் போக, திரை சிவப்பானால் கயிற்றைப் பிடிக்கச் சொல்வது, மஞ்சளாகிப் பச்சையானால் விடச் சொல்வது என்று அதன்படியே நடத்த ஆரம்பித்தார். “பரவால்லையே மேடம், வேலை செய்யுதே!” என்று டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்குக் கூட்டம் நெருக்க ஆரம்பித்தது. ஒரு பெரிய பகுதியை விட்டிருந்தார்கள். திரை நல்ல சிவப்பு. கயிற்றுக்குப் பின்னால் அடுத்த கூட்டம் திமுதிமுவென்று சேர்ந்துகொண்டிருந்தது. குழந்தைகள் அழுதன. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள் என்று முன்வரிசைப் பெண்கள் கத்தினார்கள். அந்த நேரத்தில் திரை பச்சையாயிற்று. ‘காலி.’

“விடுய்யா!” என்று இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று அந்த நொடியில் எனக்கே தெரியாது. ஏதோ இடித்தது. கயிற்றைப் பிடித்திருந்த போலீஸ்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

“இன்னா மேடம்? பச்சைதானே காட்டுது?”

“மஞ்சள் வரல சார். செவப்புல இருந்து நேரா பச்சைக்குப் போயிடுச்சு. கூட்டம் கரைஞ்சா கொஞ்சம் கொஞ்சமாத்தான் கரையும். இப்படி சட்டுனு கரையாது.”

“மிஷினு ரிப்பேரா?”

“தெரியல சார்.”

“பாலத்துல இருக்கற கான்ஸ்டபிளக் கேளுய்யா!” என்று வாக்கிடாக்கிக்காரரிடம் கத்தினார். அந்தக் கான்ஸ்டபிள், மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார். வாக்கிடாக்கியும் அவரோடு போய்விட்டது. “நான் பாலத்துல இல்ல சார்” என்று மட்டும் பதில் வந்தது. செல்போனில் தனத்தைக் கூப்பிட்டேன். லைனே கிடைக்கவில்லை.

கயிறு வில்லாக வளைந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அவரைக் குறை சொல்லமாட்டேன். இந்தப் பக்கம் யாராவது விழுந்து மிதிபட்டால் அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். “பின்னாடி தள்றாங்க பாருங்க! இங்க எவனாவது செத்தா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க? நீங்க வெச்ச மிஷினுதானே காலின்னு சொல்லுது? இப்ப நீங்களே அத நம்பாதேன்றீங்க!”

அப்போதுதான் அந்த அரிசி ஆலை முதலாளி இடுப்பில் கையோடு என் கண் முன்னால் வந்து நின்றார். என் மிஷினு நல்லா ஆனா உங்க மிஷினு செத்துடுமா? அங்கே மோட்டாரிலிருந்து எங்களுக்கு மின்சாரம் வரவில்லை, மோட்டாரின் ஆட்டத்திலிருந்து வந்தது. இங்கேயும் ஆட்களிடமிருந்து வரவில்லை. அவர்கள் நடப்பதிலிருந்து வருகிறது. ஆளே இல்லையென்றாலும் செய்தி வராது. நகர முடியாமல் நெரிந்து நின்றாலும் செய்தி வராது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பச்சையைப் போட்டு வைத்திருக்கிறோம், பாவிகள்!

“ஆமா சார், நான் வெச்ச மிஷினுதான். அதனாலதான் சொல்றேன், விடாதீங்க. ஆளுங்க நடந்தாத்தான் அதுக்குக் கரண்ட்டு. அசையாம நின்னுட்டாலும் காலின்னுதான் காட்டும். பாலத்துல அடைச்சிட்டு நிக்கறாங்கனு எனக்குத் தோணுது. நீங்க இவங்களையும் விட்டா முன்னாடி இருக்கறவங்க சுவத்துல நசுங்கிடுவாங்க. தப்பா இருந்தா பழி என் மேலயே இருக்கட்டும்.”

நான் சொல்வது தப்பாக இருந்து, காலியான பாலத்துக்காக இந்தக் கூட்டத்தை நிறுத்திவைத்து, இங்கே ஒரு குழந்தை மிதிபட்டால்? கையில் ஆதாரம் என்று ஒன்றுமில்லை. மஞ்சள் வரவில்லை என்ற ஒன்றே ஒன்றுதான். முகாமிலிருந்து திரும்பி வரும் கான்ஸ்டபிளுக்காகக் காத்திருக்கவும் நேரமில்லை.

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். பிறகு மைக்கைப் பிடுங்கினார். “எல்லாரும் நிக்கற எடத்துலயே உக்காருங்க! சாமி பேரச் சொல்லிக்கினே உக்காருங்க! அண்ணாமலையாருக்கு...” என்றார். “அரோகரா!” என்று கூட்டம் எழுப்பிய சத்தத்தில் பந்தலே அதிர்ந்தது. முன்வரிசை உட்கார்ந்தது, அதைப் பார்த்து அடுத்த வரிசை உட்கார்ந்தது. உட்கார்ந்த கூட்டம் தள்ளாது. எத்தனை வருஷம் வேலை செய்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது.

“போய்ப் பாத்துட்டு வாங்க மேடம். ஜாஸ்தி நேரம் உக்கார வெக்க முடியாது” என்று ஒரு பெண் போலீசை என்னுடன் அனுப்பினார். சிவகுமாரைத் திரையிடம் விட்டுவிட்டு, பாதையை ஒட்டிய கொல்லையின் வரப்பில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டமா என்று கேட்காதீர்கள்.

பாலத்தின் வாய் அடைத்துக் கிடந்தது. முகப்பில் தோளோடு தோள் நெரிந்து நிற்கிறார்கள், ஒருவரும் அசையவில்லை. முன்னால் என்ன என்று தெரியாமல் பின்னால் இருப்பவர்கள் முட்டுகிறார்கள். தனத்தின் பூ மேஜை சுவரோடு தள்ளப்பட்டு, நடுவில் அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். “அம்மா! காலு! அதே காலும்மா!” என்று என்னைப் பார்த்து அலறினாள். இந்த ஒருத்தியை நினைத்துச் செய்த மிஷின் இது. கயிற்றை விட்டிருந்தால் அவள் கதி என்ன?

பெண் போலீஸ் நல்ல பலசாலி. இரண்டு ஆண்களை அதட்டிச் சேர்த்துக்கொண்டு மேஜையைக் கவிழ்த்து இழுத்தாள். பூவெல்லாம் தரையில் கொட்டியது. தனம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஜையின் கால்தான் உடைந்திருந்தது.

நான் இடுக்கில் நுழைந்து பட்டையிடம் போனேன். அங்கே என்ன அடைப்பு என்று பார்க்கக் குனிந்தேன். குனிந்தவுடன் என் வலது கை தானாகப் போய்ப் பட்டையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டது.

நிமிர்ந்து நின்றேன். எதைத் தொட்டுக் கும்பிட்டேன்? நானே வரைந்து, நானே டெண்டருக்கு எழுதி, நானே பெயின்ட் அடிக்கச் சொன்ன மிஷினை! மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எதிரே கோபுரம் தெரிய, பாதைக்குக் குறுக்கே கிடக்கிறது. வாசற்படி இல்லாமல் வேறென்ன அது? வாசற்படியை எவராவது மிதிப்பார்களா? தொட்டுக் கும்பிட்டுத் தாண்டித்தானே போவார்கள்? பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் பிள்ளைகள் மிதித்திருக்கும். விரதமிருந்து வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிறவர் மிதிப்பாரா? இந்த ஊரிலேயே பிறந்து, தினமும் வாசற்படிக்கு மஞ்சள் பூசுகிற எனக்குத் தோன்றவில்லை. பழகிய கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

மத்தியானம் கவனிக்காமல் மிதித்துப் போனவர்கள்தான் திரையைச் சிவப்பாக்கியிருக்கிறார்கள். கூட்டம் சேரச் சேரத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். யாரோ ஒரு குடும்பம் பட்டையின் மேல் கற்பூரம் ஏற்றிவிட்டது. அவ்வளவுதான். எரிகிற கற்பூரத்தை யார் தாண்டுவார்? எல்லோரும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இது மிஷின், சாமி இல்லை, மிதிங்க” என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லியிருந்தால் எனக்கு உதை விழுந்திருக்கும், கூட்டம் இன்னும் இறுகியிருக்கும். தனத்திடம் திரும்பினேன்.

“தனம், தட்டு இருக்கா? கற்பூரம் இருக்கா?”

“இருக்கு, இருக்கு” என்று கொட்டிக் கிடந்ததிலிருந்து பித்தளைத் தட்டை எடுத்து நீட்டினாள். பட்டையில் எரிந்த கற்பூரத்திலிருந்து தட்டில் ஒரு பெரிய கட்டியைப் பற்றவைத்துக்கொண்டேன். தட்டைத் தலைக்கு மேல் தூக்கி, “அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்று கத்திக்கொண்டு பாலத்துக்குள் நடந்தேன். தீபம் நகர்ந்ததும் முன்வரிசை அதன் பின்னாலேயே நகர்ந்தது. பாலத்தைத் தாண்டி அகலமான வெட்டவெளியில் ஒரு கல்லின் மேல் தட்டை வைத்தேன். கும்பிட வேண்டியவர்கள் அங்கே வந்து ஆற அமரக் கும்பிட்டார்கள். அதற்குள் பெண் போலீஸ், தனம் பூவுக்கு மூடியிருந்த ஈரச் சாக்குகளைப் பட்டையின் மேல் விரித்துவிட்டாள். சாக்கை மிதிக்க எவருக்கும் தயக்கமில்லை. கால்கள் அதன்மேல் விழ ஆரம்பித்தன.

பந்தலில் நடந்ததைச் சிவகுமார் பிறகு சொன்னான். பச்சையாகவே கிடந்த திரை திடீரென்று சிவப்பானதாம். “இன்னாடா இது, காலியா இருந்த பாலத்துல ஆளுங்க எங்க இருந்து மொளைச்சாங்க?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். கேட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாராம். அதன் பிறகு சிவப்பு குறைந்து மஞ்சள் வந்தது. மஞ்சள் குறைந்து பச்சை வந்தது. நான் வரப்பில் திரும்பி வந்து “விடலாம் சார்” என்று சொல்லும்வரை அவர் கயிற்றை அவிழ்க்கவில்லை.

மறு வாரமே பட்டையைப் பெயர்த்தோம். தரையோடு தரையாக, அதே சிமென்ட் நிறத்தில், இருப்பதே தெரியாமல் பதித்தோம். பழைய பட்டையின் தகட்டைத் தனம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டு வாசலில் இப்போது அதுதான் படி. அங்கே போனால் நான் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

திரையில்தான் பெரிய சண்டை. பச்சையையும் ‘காலி’யையும் எடுத்துவிட்டு, செய்தி வராதபோது ‘தெரியவில்லை’ என்று மட்டும் காட்ட வேண்டும் என்றேன். ஆபீசில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. தெரியவில்லை என்று சொல்கிற மிஷினை எவன் வாங்குவான் என்றார்கள். சோலார் தகடு ஒன்றைச் சேர்த்து, பெட்டி உயிரோடு இருக்கிறது என்றாவது சொல்லவைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சேர்த்தோம். பெட்டி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால், பாலத்தில் கூட்டம் நிற்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமா? கடைசியில் இன்ஸ்பெக்டரையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள்.

“தெரியலைன்னு சொல்ற ஒரு ஆள என் ஸ்டேஷன்ல ரொம்ப நாளா தேடிட்டிருக்கேன். கெடைக்க மாட்டேங்கறான். மிஷினாவது சொல்லட்டுமே” என்றார் அவர். சண்டை அதோடு முடிந்தது.

நம் தொழிலில் இதை மறக்காதீர்கள். கேட்கிறவர் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்று. நம் மிஷினுக்குத் தீனி போடுவது வேறொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும். எப்போது இரண்டும் பிரியும் என்று முன்னாலேயே உட்கார்ந்து யோசித்துவிடுங்கள். எனக்கு அது கயிறு வளைந்துகொண்டிருந்தபோதுதான் தோன்றியது.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசியாகப் பந்தலில் இருந்த பௌர்ணமியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். சாயங்காலம் நல்ல கூட்டம். கயிற்றுக்குப் பின்னால் ஜனங்கள் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. திரையில் சிவப்பு போய் ‘தெரியவில்லை’ வந்தது. கூட்டம் சத்தம் போட்டது. சிவகுமார் என்னைப் பார்த்தான். நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கான்ஸ்டபிளை “ஓடு” என்று அனுப்பிவிட்டு, மைக்கில் எல்லோரையும் உட்காரச் சொன்னார். ஈரத்தில் உட்காரச் சொல்கிறாரே என்று ஜனங்கள் அவரைத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

கான்ஸ்டபிள் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார். “ஒண்ணும் இல்ல சார். மழைக்கு எல்லாரும் பாலத்துக்கு அந்தாண்ட கடைங்கள்ல ஒதுங்கிட்டாங்க. இதுக்குப் போயி எதுக்கு நனைஞ்சிக்கினு வந்தேன்னு பூக்காரம்மா என்னத் திட்டுது.”

“பாலம் காலியா?”

“காலி சார்.”

“உன் கண்ணால பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“அப்ப கயித்த அவுரு.”